ஆடு மட்டும் மிஞ்சியது

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் சில வருடம் குடியிருந்தோம். எதிர்வீட்டுத் திண்ணையோரம் எப்போதும் இரண்டு ஆடாவது கட்டியிருக்கும். வளர்த்தவர் ஒரு ஆயா. சந்துக்கே அவர் ஆயாதான், பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்த ஆடுகளுக்கு மேய்ச்சல் நிலம் என்று ஒன்று கிடையாது. சந்தைத் தாண்டினால் கன்டெய்னர் லாரி, லாரியைத் தாண்டினால் துறைமுகத்து மதில். வீடு வீடாகக் கேட்டு வாங்கிய கழுநீரும், மார்க்கெட்டில் ஒதுக்கித் தள்ளிய கோஸ் இலையும், கையில் காசிருக்கும் நாளில் ஒரு கட்டு அகத்தியும்தான் அவற்றின் வயிற்றுப்பாடு. தேர்தல் வந்தால் மட்டும் விருந்து. மைதாப் பசை காய்வதற்குள் சுவரொட்டியைப் பிடித்து இழுத்து, எந்தக் கட்சி என்று பார்க்காமல், தலைவரின் கன்னத்தில் தொடங்கிச் சின்னம்வரை தின்று தீர்த்துவிடும்.

ஆடுகளுக்குப் பெயர் உண்டா என்று ஒருநாள் ஆயாவிடம் கேட்டேன்.

"பேரா? இன்னாத்துக்கு நைனா அதுக்குப் பேரு? ஆடி மாசம் கூழு ஊத்தச்சொல்ல வெட்டப்போறது. பேரு வச்சிட்டா அப்பால கொழம்பு தொண்டைல எறங்குமா?"

நியாயமான பதில்தான். ஆனால் அன்று சாயங்காலமே, "ஏ குள்ளி, வாடி இங்க, ரோட்டுக்குப் போவாதே" என்று ஆயா அதட்டியது மாடிவரை கேட்டது. வெட்டுகிற அன்றைக்கு ஆயா வீட்டில் இருக்கமாட்டார். காலையிலேயே திருவொற்றியூரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். கறிக்கடைக்கு விற்றுவிட்ட ஆடாக இருந்தால் ஒரு மாதத்துக்கு அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். பழைய வண்ணாரப்பேட்டைவரை நடந்துபோய் வேறு கடையில் கறி வாங்கி வருவார். கறி தின்பதை நிறுத்தியதில்லை. கடையைத்தான் மாற்றுவார்.

2016ஆம் வருடக் கடைசியில் பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' வெளிவந்தபோது, இந்த ஆயாவை நினைத்துக்கொண்டுதான் வாங்கினேன். ஆட்டைப் பற்றிய நாவல் என்று வாங்கியவனுக்கு முதலில் கண்ணில் பட்டது முன்னுரை. ஒரு நாவலாசிரியர், தான் ஏன் ஆட்டைப் பற்றி எழுத நேர்ந்தது என்று கணக்குச் சொல்லியிருந்தார். கேலி மாதிரி இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது அது கேலி இல்லை என்று புரிந்தது. தமிழில் எத்தனையோ நாவல்களுக்குப் பிறந்த கதை இருக்கும். இந்த நாவலுக்குப் பிறந்த கதைக்கு முன்னால் ஒரு செத்த கதை இருக்கிறது.

அதைத் தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். 2010இல் காலச்சுவடு வெளியிட்ட நாவல் 'மாதொருபாகன்'. பிள்ளையில்லாத காளி, பொன்னா என்ற தம்பதியின் கதை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் ஓர் இரவு அதில் வருகிறது. நான்கு வருடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2013இல் அனிருத்தன் வாசுதேவன் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அந்த இரவைப் பற்றி எழுதியது ஊரை இழிவுபடுத்துகிறது என்று 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகம் எரிக்கப்பட்டது. ஜனவரியில் கடையடைப்பு. 2015 ஜனவரி 12ஆம் தேதி நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று ஒன்று நடந்தது. அமைதி என்ற சொல்லுக்கு அலுவலகங்களில் தனிப் பொருள் உண்டு. எழுத்தாளர் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டார். அதை ஒட்டித்தான் முகநூலில் அந்த அறிவிப்பு வந்தது: எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான், அவன் கடவுள் இல்லை என்பதால் உயிர்த்தெழப் போவதில்லை, இனி இருப்பது பெ. முருகன் என்கிற வாத்தியார் மட்டுமே என்ற பொருளில். தன் புத்தகங்களை விற்க வேண்டாம் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டார். நட்டத்தைத் தானே ஈடுகட்டுவதாகவும் சொன்னார்.

அந்த அறிவிப்பில் என்னை இன்றும் குடைவது அந்த ஈடுகட்டும் வரிதான். சாவு வீட்டில்கூடப் பந்தல்காரனுக்குப் பாக்கி வைக்கக்கூடாது என்று நினைக்கிற குடியானவப் புத்தி அது. திருச்செங்கோட்டை அடுத்த கூட்டப்பள்ளியில் 1966இல் பிறந்தவர். சிறு விவசாயக் குடும்பம், அப்பா சினிமாக் கொட்டகையில் சோடாக்கடையும் வைத்திருந்தார். அந்தச் சோடாக்கடை 'நிழல்முற்றம்' ஆயிற்று. காட்டில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் 'கூளமாதாரி' ஆனார்கள். தான் பார்த்த எதையும் வீணாக்காமல் எழுதிய கை அது. இப்போது மடக்கி வைத்தாயிற்று.

ஊரில் இருக்க முடியவில்லை. நாமக்கல் அரசு கல்லூரியிலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றல் கேட்டு வந்தார். சென்னை அவருக்குப் புதிதல்ல, ஆராய்ச்சிப் படிப்பெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான். ஆனால் படிக்க வருவது வேறு, பதுங்க வருவது வேறு. கடற்கரையைப் பார்த்த அந்தச் செங்கல் கட்டடத்தில் தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த மனிதர், வெளியே தன்னை இறந்தவராக அறிவித்திருந்தார். நம் ஊரில் செத்துப்போனவர்கள் ரேஷன் கார்டில் உயிரோடு இருப்பார்கள். இவர் சம்பளப் பட்டியலில் உயிரோடு இருந்தார்.

முதல் சில மாதம் எதுவும் எழுத வரவில்லையாம். படிக்கவும் முடியவில்லையாம். பிறகு கவிதைகள் வந்தன, கிட்டத்தட்ட இருநூறு. அந்த நாட்களைப் பற்றிப் பின்னால் சொன்னபோது, வளைக்குள் முடங்கிக் கிடக்கிற எலியோடு தன்னை ஒப்பிட்டார். எனக்கு இந்த எலி முக்கியமாகப் படுகிறது. மனிதக் குரலில் அழ முடியாமல் போன ஒருவர் விலங்கின் பக்கம் திரும்பிய முதல் அடையாளம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆடு வருவதற்கு முன்னால் எலி வந்துவிட்டது.

இனி கதை வடசென்னையின் வாசலுக்கு வருகிறது. எழுத்தாளருக்கு நேர்ந்ததை எதிர்த்துத் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். எழுத்தாளர் மீதும் வழக்குகள் இருந்தன. எல்லாம் சேர்த்து விசாரணைக்கு வந்தது. ராயபுரத்திலிருந்து பிராட்வே பஸ் பிடித்தால் வருகிற அந்தச் சிவப்புக் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. எங்கள் பகுதி ஆட்களுக்கு உயர்நீதிமன்றம் என்றால் வாய்தா, வக்கீல் ஃபீஸ், பாரிமுனை ட்ராஃபிக். வளாகத்துக்குள் மனுநீதிச் சோழன் சிலை ஒன்று இருப்பதை நின்று பார்த்தவர்கள் குறைவு.

சிலையின் கதை எல்லோருக்கும் தெரியும். திருவாரூர்த் தெருவில் இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் ஒரு கன்று அரைபட்டுச் சாகிறது. தாய்ப்பசு அரண்மனை மணியை இழுத்து அடிக்கிறது. அரசன் தன் மகனை அதே போலத் தேர்க்காலில் இடுகிறான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் இதைச் சொல்கிறாள், பெரியபுராணத்திலும் வருகிறது. அரசனின் நீதியைப் புகழத்தான் இந்தக் கதையைச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் பசுதான் கண்ணில் நிற்கும். குட்டி செத்ததற்கு ஒரு விலங்கு துக்கப்படும், அந்தத் துக்கத்துக்கு ஒரு கோட்டையே பதில் சொல்லவேண்டும் என்று ஒரு சமூகம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட கதை அது. இளவரசன் செத்த பிறகு பசுவுக்கு என்ன ஆயிற்று, அதன் மடியில் கட்டின பாலை யார் கறந்தார்கள் என்று கண்ணகி சொல்லவில்லை. பெரியபுராணம் மட்டும் கன்றை உயிரோடு எழுப்பி அந்தப் பாலைக் குடிக்க வைக்கிறது.

2016 ஜூலை 5ஆம் தேதி, அந்த வளாகத்தில்தான், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்யநாராயணாவும் தீர்ப்புச் சொன்னார்கள். அமைதிப் பேச்சுவார்த்தையில் வாங்கிய கையெழுத்து எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விட்டுவிடலாம். எழுத்தாளர் எதில் வல்லவரோ அதற்கு உயிர்த்தெழட்டும். தீர்ப்பின் கடைசிச் சொல் ஓர் ஏவல்: எழுது.

நல்ல தீர்ப்புதான், மறுப்பில்லை. ஆனால் "எழுது" என்றதும் எழுதிவிட முடியுமா? தண்ணீரில் மூழ்கித் தப்பிய பிள்ளையிடம், "கடல் இப்போ அமைதியா இருக்கு, போய்க் குளி" என்று சொல்வது மாதிரி. ஆகஸ்டில் டெல்லியில் அந்தக் கவிதைகள் 'கோழையின் பாடல்கள்' என்ற தொகுப்பாக வெளியாயின. தனக்குள் இப்போது ஒரு தணிக்கை அதிகாரி உட்கார்ந்திருக்கிறான், வெளியே வரும் ஒவ்வொரு சொல்லையும் புரட்டிப் பார்த்துத்தான் விடுகிறான் என்று அப்போது சொன்னார். நீதிமன்றத்தால் ஊரைக் கலைக்க முடிந்தது. உள்ளே உட்கார்ந்தவனைக் கலைக்கச் சட்டத்தில் பிரிவு இல்லை.

அந்த அதிகாரிக்குக் காட்டிய விண்ணப்பம்தான் 'பூனாச்சி' முன்னுரை.

மனிதர்களைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது என்கிறார். தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிடப் பயம். அசுரர்களைப் பற்றி வேண்டுமானால் கொஞ்சம் எழுதலாம். சரி, விலங்குகள்? தனக்கு நெருக்கமாகத் தெரிந்த விலங்குகள் ஐந்தே. நாயும் பூனையும் கவிதைக்கு ஆகும். மாட்டைப் பற்றியும் பன்றியைப் பற்றியும் எழுதக்கூடாது. மிஞ்சியது ஆடு. அதிலும் வெள்ளாடு, வம்பு தும்பு இல்லாதது, சுறுசுறுப்பானது. கதைக்கு ஓட்டம் வேண்டுமே, அதனால் வெள்ளாடு.

படித்ததும் சிரிப்பு வரும். வந்த சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். 2015, 2016இல் இந்த நாட்டில் மாட்டின் பெயரால் என்னென்ன நடந்தது என்பது ஞாபகம் இருப்பவர்களுக்கு, "எழுதக்கூடாது" என்ற அந்த ஒரு வார்த்தை போதும். ஒரு நாவலாசிரியருக்கு இருக்கிற உலகமே மனிதர்கள்தான். அதை முதலிலேயே அடித்துவிட்டு, கடவுளை அடித்துவிட்டு, மாட்டை அடித்துவிட்டு, கடைசியில் மூலையில் நின்றிருந்த ஆட்டைப் பிடித்து இழுத்துவருகிறார். தான் விரும்பித் தேர்ந்தெடுத்ததாக எங்கும் சொல்லவில்லை.

விலங்குக் கதைக்கு வேறு பிறவி வழிகளும் உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் இருந்தபோது, பத்து வயதுப் பையன் ஒருவன் பெரிய வண்டிக்குதிரையைக் குறுகலான பாதையில் சாட்டையால் அடித்து ஓட்டிப்போவதைப் பார்த்தார். இந்தக் குதிரைக்குத் தன் பலம் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று தோன்றியதில் பிறந்தது 'விலங்குப் பண்ணை'. 1944இல் பதிப்பகம் பதிப்பகமாகத் திருப்பி அனுப்பி, 1945 ஆகஸ்டில் ஒருவழியாக அச்சேறியது. பூனாச்சியையும் ஆர்வெலையும் சேர்த்துப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது, எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. ஆர்வெலின் பன்றிகள் மனிதர்களாவதற்கு அவசரப்படுகின்றன. நெப்போலியன் யார் என்று ஒரு குறிப்பு எழுதிவிடலாம். பூனாச்சி யார் என்று அப்படி ஒரு குறிப்பு எழுத முடியாது. அது ஆடு. தழை தின்கிறது, புழுக்கை போடுகிறது, பருவத்துக்கு வருகிறது, ஈனுகிறது. ஆசிரியருக்குச் சொந்தத் துக்கம் இருந்தாலும் ஆட்டின் முதுகில் அதை மூட்டையாக ஏற்றவில்லை.

கதை இதுதான். மழை மறந்த ஒரு வறண்ட காடு, அதில் ஒரு கிழவன், ஒரு கிழவி. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. ராட்சதன் போல ஓங்கி வளர்ந்த ஒருவன் ஒரு மாலை நேரத்தில் வந்து, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கறுப்புக் குட்டியைக் கிழவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரே ஈற்றில் ஏழு குட்டி போட்ட ஆட்டின் குட்டி அது என்கிறான். வெள்ளாடு ஒன்றோ இரண்டோ போடும், மூன்று என்றால் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வார்கள். ஏழு என்றால் அது அதிசயம், அல்லது பொய். கிழவி அதற்குப் பூனாச்சி என்று பெயர் வைக்கிறாள். முன்பு அவள் வளர்த்த பூனையின் பெயர் அது. போன பிராணியின் பெயரை வந்த பிராணிக்கு வைப்பது நம் வீடுகளில் சாதாரணம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போலத்தான். கிழவிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நானும் இரண்டாம் வாசிப்பில்தான் அந்த இடத்தில் நின்றேன். நாவலில் முதல் துக்கம் அங்கேயே, பெயர் வைக்கும் இடத்திலேயே வந்துவிடுகிறது.

கறுப்பு என்பது சும்மா வந்த நிறமில்லை. சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் உடம்பு முழுக்கக் கறுப்பாகவே ஓர் ஆட்டினம் உண்டு. கால்நடைத் துறையினர் 'சேலம் கருப்பு' என்பார்கள். கறுப்பாக இருந்தாலும் தமிழில் அது வெள்ளாடுதான், அந்த வேடிக்கையும் தலைப்பிலேயே இருக்கிறது. நாவலில் வருகிற ஆட்சிக்குக் கறுப்பு ஆடு என்றால் சந்தேகம். இருட்டில் அடையாளம் தெரியாதே! புதிதாகப் பிறந்த குட்டியைக் கொண்டுபோய்ப் பதியவேண்டும், காதைத் துளைத்து எண் மாட்டிக்கொள்ளவேண்டும், அதற்கு நாள் முழுக்க வரிசையில் நிற்கவேண்டும், எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். ஆதாருக்கு வரிசையில் நின்ற ஞாபகம் ஆறாத நேரத்தில் வந்த நாவல் இது. வரிசையில் நிற்கும் ஜனங்கள் அரசாங்கத்தைப் பற்றிக் குரல் தாழ்த்திப் பேசிக்கொள்கிற பக்கங்களில், முன்னுரையில் மனிதர்களைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர் மனிதர்களை ஒரு பிடி பிடித்திருக்கிறார். தணிக்கை அதிகாரி அந்த நேரம் டீ குடிக்கப் போயிருக்கவேண்டும்.

பூனாச்சிக்கு ஒரு காதலும் உண்டு. மகள் ஊருக்குப் போன இடத்தில் பூவன் என்ற கடா. பூவன் பலிக்குப் போகிறது. வெட்டுப்பட்ட பிறகு அதன் கறி, ஊர் வழக்கப்படி, பந்தியில் வருகிறது. ஆசிரியர் அங்கே குரலை உயர்த்துவதில்லை. ஊரில் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. திருவிழா என்றால் கடா வெட்டு, அவ்வளவுதான். பிறகு பூனாச்சியும் ஏழு குட்டி ஈனுகிறது. கிழவிக்கு ஒரே நாளில் ஊரில் மரியாதை கூடிவிடுகிறது. குட்டிகள் வளர்கின்றன, விற்கப்படுகின்றன. பஞ்சம் வருகிறது. முடிவை நான் சொல்லப்போவதில்லை. படிக்காதவர்கள் கையில் ஒரு மத்தியானம் இருந்தால் போதும், மெல்லிய புத்தகம்தான்.

நாயை வைத்து இந்தத் துக்கத்தை எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. நாய் செத்தால் அழுவதற்கு நமக்கு உரிமை உண்டு. குழி தோண்டிப் புதைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தவர்களைக் காசிமேட்டிலேயே பார்த்திருக்கிறேன். வீட்டுக்கூரையில் புறா வளர்ப்பவர்கள், பந்தயத்துக்கு விட்ட புறா திரும்பவில்லை என்றால் இரண்டு நாள் சாப்பிடாமல் மொட்டைமாடியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். கேலி செய்தாலும் சந்து அதைப் புரிந்துகொள்ளும். ஆட்டுக்கு அப்படி அழ முடியாது. பிள்ளையைப் போல வளர்த்தோம் என்று சொன்ன அதே வாயால்தான் தின்றாகவேண்டும். விற்ற காசில்தான் பள்ளிக்கூட ஃபீஸ், மகளுக்குச் சீர். அதன் சாவு முதல் நாளிலிருந்தே கணக்கில் இருக்கிறது. அது தெரிந்தும் கழுத்தில் மணி கட்டுகிறோம். புளியந்தோப்பு ஆடுதொட்டியில் விடியற்காலையில் ஆயிரம் ஆடு நின்றாலும் அங்கே யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. நம் வீட்டு வாசலிலிருந்து ஒன்றைக் கயிற்றோடு பிடித்துப் போகும்போதுதான், அது திரும்பிப் பார்க்கிறதே, அங்கே சிக்கல்.

தன் புத்தகத்தைத் தானே ஊருக்காகக் கையெழுத்துப் போட்டுக் காவு கொடுத்துவிட்டு வந்த ஒருவருக்கு, இந்தச் சிக்கல் எவ்வளவு பழகிய ஒன்றாக இருந்திருக்கும்! இதை நான் என் ஊகமாகத்தான் வைக்கிறேன், அவர் சொன்னதாக இல்லை. முன்னுரையில் ஆடு கடைசியாக மிஞ்சியது என்கிறார். எனக்கு என்னவோ, ஆடு முதலிலிருந்தே அங்கே நின்றுகொண்டிருந்தது, மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்குவது போலப் போக்குக் காட்டி அதனிடம் வந்துசேர்ந்தார் என்றுதான் படுகிறது. 'கூளமாதாரி'யிலேயே ஆடுகளின் நடையும் குணமும் அவருக்கு மனப்பாடம்.

பின்கதை சுருக்கம். என். கல்யாண்ராமன் மொழிபெயர்ப்பில் 2018இல் ஆங்கிலத்தில் வந்தது. அந்த வருடம் ஜேசிபி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 2020இல் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டு மொழிபெயர்ப்புப் பிரிவின் நெடும்பட்டியலுக்கும் போயிற்று. வெள்ளாடு கடல் தாண்டிவிட்டது. பெருமாள்முருகனும் பிறகு மனிதர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்.

சொல்லப்படாத கதை ஒன்று எவ்வளவு காலம் தூங்கிக்கிடக்கும் என்பதும் அந்த முன்னுரையின் ஒரு கேள்வி. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தபோது எனக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. வெள்ளைக் கூழைக்கடாக்கள் கறுப்பாக நின்றன. சிறகை விரிக்கப் பார்க்கும், பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், மறுபடி மடக்கிக்கொள்ளும். எண்ணூர்க் குப்பத்து மீனவர்கள் படகில் போய் எண்ணெயைக் கையால் அள்ளிப் பீப்பாயில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கள் வலையும் படகும் பாழாகி நின்ற நேரத்தில், பறவையையும் பார்த்து 'பாவம்' என்றார்கள். மீனுக்குப் போட்டியாக நிற்கிற பறவை என்று வழக்கமாகத் திட்டு வாங்குவது அது. இந்தக் கதையை எழுதுகிறவர் இப்போது எண்ணூர்ப் பள்ளிக்கூடம் ஏதாவது ஒன்றில் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருக்கலாம்.

ஆயாவுக்குப் 'பூனாச்சி'யைப் படித்துக்காட்டியதையும் சொல்லிவிடுகிறேன். படிக்கத் தெரியாது, ஆனால் கதை என்றால் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து, கிழவி குட்டியை வாங்கும் இடத்திலிருந்து படித்தேன். காது குத்தும் வரிசை வந்தபோது, "நம்ம கைரேகை வெச்சோமே, அத்தப் பத்தியா எய்திக்கீறாரு?" என்று சிரித்தார். பூவன் வெட்டுப்பட்டபோது ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். பூனாச்சி ஏழு குட்டி போட்டதும் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"ஏழா?"

"ஆமா ஆயா. கதைதானே."

"கதயா இருந்தா இன்னா? ஆட்டுக்கு ரெண்டு காம்புதான நைனா? ரெண்டு குடிக்கச்சொல்லோ மிச்சம் அஞ்சு இன்னா பண்ணும்? அந்தக் கெயவி இன்னா பண்ணா? அதப் படி."

படித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் நடுவில் எழுந்து போய், வெயில் நகர்ந்துவிட்டது என்று ஆட்டை அவிழ்த்து நிழலில் மாற்றிக் கட்டினார். அதன் காதுமடலில் ஒட்டியிருந்த பழைய சுவரொட்டித் துணுக்கை நகத்தால் கிள்ளி எடுத்துப் போட்டுவிட்டு, "உம், மேல சொல்லு" என்றார்.